பங்கு வாங்காமல் வராதே

எழுபத்திரண்டாம் ஆண்டிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த வாரத்தில் தொடங்கிய பழக்கம். நாளுக்கு ஒரு பக்கம். மேலே கிழமை, மழை உண்டா இல்லையா, எங்கள் ஊர் மாரமங்கலத்திலிருந்து புறப்படும் காலை பஸ் எத்தனை நிமிடம் தாமதம். கீழே வீட்டு விஷயம். ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களைக் கூட எழுந்த பிறகு நிரப்பியிருக்கிறேன்.

என் அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று பழைய நோட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தேன். எழுபத்து மூன்றுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடையில் அவள் தன் கணவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்பது முறை வந்திருக்கிறாள். பண்டிகைக்கு வந்ததை இதில் சேர்க்கவில்லை. ஒன்பது முறையும் காரணம் எழுதி வைத்திருக்கிறேன். "அக்கா வந்தாள். காய்ச்சல்." "அக்கா வந்தாள். ஓய்வுக்காக." ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அக்கா வந்தாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாளாம்." ஏற்காடு மலையின் அடிவாரத்தில் அவள் குடியிருந்தது ஓட்டு வீடு. அதற்கு மாடி கிடையாது. பஸ் ஏழு நிமிடம் தாமதம் என்று அதே பக்கத்தில் சரியாகக் குறித்திருக்கிறேன்.

அக்காவின் கணவருக்கு அடிவாரத்தில் லாரிப் பட்டறை. மலை ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் நின்று போகும் இடம், ஆகவே வேலைக்குக் குறைவில்லை. குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்பார்கள். அதனால் அவர் அடிப்பதற்கு நாங்கள் சாக்குச் சொல்லவும் வழியில்லாமல் போனது. சோறு ஆறியிருந்தால் அடி. கதவு திறக்கத் தாமதமானால் அடி. தாமதமில்லாமல் திறந்தால், யாருக்காகக் கதவடியில் நின்றாய் என்று அடி. எழுபத்தாறில் அக்காவுக்கு இடது காது கேட்காமல் போனது.

அவள் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கலாம். மூன்றாம் நாள் காலையில் அப்பா ஒரு சேவலைப் பிடித்துக் காலைக் கட்டுவார். அவரும் தம்பியும் அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அடிவாரத்தில் அந்தச் சேவலைக் குழம்பு வைத்து இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் சமாதானம் ஆனது என்று பொருள். குழம்பு வைக்கிறவள் அக்காதான். ஒருமுறை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத் தம்பி, "மச்சானுக்குக் கோழி தின்ன ஆசை வந்துருச்சாட்டம் இருக்குதுங்கப்பா" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

குப்பனூர் நிலத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அங்கே ஒன்றே கால் ஏக்கர் மஞ்சக்காணி இருந்தது. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் பெண்ணுக்கென்று எழுதித் தரும் நிலத்துக்கு அப்படிப் பெயர். அதில் கணவனுக்குப் பாத்தியம் இல்லை. எட்டுப் புளியமரங்கள் நின்றன. அம்மா இறப்பதற்கு முன் அதை அக்காவுக்கு எழுதினாள். எண்பத்தொன்றில் அக்காவின் கணவர் அதை விற்க ஏற்பாடு செய்தார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். படித்தவள், அரைநாள் லீவு கிடைக்கும் என்பதால். கீழே பத்திர ஆபீஸில் அக்கா மணிக்கட்டிலிருந்து விரல் வரை வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட முடியாது என்று இடது பெருவிரலை உருட்டி எடுத்தார்கள். நான் பத்திரத்தை முழுவதும் படித்தேன். கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் பெயர் மாறிப் போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். பத்திரம் எழுதுபவர் திருத்தி எழுதிவிட்டு, "நல்ல வேளை பாத்தீங்கம்மா" என்று பாராட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டேன். கையில் என்ன கட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது ஒரு மாடிப்படியைச் சொல்லியிருப்பாள்.

இனி தொண்ணூறாம் ஆண்டு ஜனவரிக்கு வருகிறேன். காப்பி எடுப்பு முடியும் சமயம். எங்கள் வீட்டுக் களத்தில் தோட்டத்துக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. புதன்கிழமை. காலை பஸ்ஸுக்கு நான் நின்றுகொண்டிருந்தபோது ஏற்காட்டிலிருந்து வந்த பஸ்ஸில் அக்கா இறங்கினாள். கையில் தகரப் பெட்டி. மற்ற ஒன்பது முறையும் அவள் பெட்டி கொண்டு வந்ததில்லை; உடுத்திய சேலையோடு வருவாள்.

"என்னக்கா, பெட்டியோட?"

"அவருதான் கட்டிக் குடுத்தாரு கண்ணு. பங்கு வாங்கிட்டு வரோணுமாம்."

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை.

விஷயம் இதுதான். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு என்று மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. பட்டறைக்கு லாரி விட வந்த யாரோ இதைச் சொல்ல, அக்காவின் கணவர் பேப்பர் வாங்கித் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். படித்த அன்றே பெட்டியைக் கட்டச் சொன்னார். அடிவாரம் பஸ் நிறுத்தத்தில், வண்டி நகரும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாராம்: "பங்கு வாங்காம என்ற ஊட்டு வாசப்படிய மிதிக்காதே!"

அக்கா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டே போனாள். வெட்கம். தம்பியிடமும் அப்பாவிடமும் சொத்துக் கேட்டு நிற்க வேண்டிய வெட்கம். கேட்காமல் திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்ற பயம். "நீதான் படிச்சவ. அப்பாகிட்ட நீயே சொல்லிப் பாரு சாமி" என்றாள்.

சட்டம் பற்றி வந்த செய்தியை நானும் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எனக்கென்று எதையும் நினைத்து அல்ல, ஒட்டுவது வழக்கம். எடுத்து வந்து களத்து ஓரமாக உட்கார்ந்து அவளுக்குப் படித்தேன். தலைப்பிலிருந்து தொடங்கிக் கடைசி பத்தி வரைக்கும். கடைசி பத்தியில்தான் அது இருந்தது. இந்தச் சட்டம் நடப்புக்கு வந்த நாளுக்கு முன்பே கல்யாணமாகிவிட்ட பெண்களுக்குப் பங்கு இல்லை.

"அப்படின்னா?" என்றாள்.

"உனக்கு இல்லக்கா. கல்யாணம் ஆயிருச்சல்லோ."

"நல்லாப் பாரு கண்ணு. கண்ணாடி போட்டுட்டுப் பாரு."

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக மறுபடி படித்தேன். "இல்லக்கா. உனக்குப் பங்கே கெடையாது."

அக்காவின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் தோள் குலுங்க.

"அப்ப நான் எப்படித் திரும்பிப் போறது? பங்கு வாங்காம வரக்கூடாதுன்னுட்டாரே!"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நானும் சிரித்துவிட்டேன். களத்தில் காப்பி கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள். பதினேழு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் காரணம் அது. அவள் அடிக்குப் பயந்து ஓடி வந்தவள் இல்லை, சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் இல்லை. புருஷன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறாள். சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா வழக்கம்போல் சேவலைப் பிடித்துக் காலைக் கட்டினார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, சேவலை வுட்டுருங்க. நான் போகக்கூடாதுங்க."

"ஏஞ்சாமி?"

"அவரு உத்தரவு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாள் துண்டை மீண்டும் ஒருமுறை படித்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. சட்டம் பிடிபட்டதோ இல்லையோ, மாப்பிள்ளையின் உத்தரவு என்பது பிடிபட்டது. சேவலின் காலை அவிழ்த்துவிட்டார்.

அக்கா வந்து பதினெட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேல், அக்காவின் கணவர் வந்தார். சமாதானம் பேசத் தன் பெரியப்பாவையும் அழைத்து வந்திருந்தார். வயதான மனிதர், அடிவாரத்திலேயே இருப்பவர். அவரை அழைத்து வந்ததுதான் தப்பாகப் போனது.

அக்கா களத்தில் பலகையால் பழத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் களத்து விளிம்பில் நின்றார்.

"போதும் வெளையாட்டு. கெளம்பு."

"பங்கு கெடைக்கலீங்க."

"அதான் கேள்விப்பட்டேன். கெளம்புங்கறேன்ல."

"பங்கு வாங்காம வாசப்படிய மிதிக்காதேன்னு சொன்னீங்களே."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன்."

"நீங்க சொன்னத என்னிக்காச்சும் நான் மீறியிருக்கறனுங்களா? இதை மட்டும் எப்படிங்க மீறறது?"

காப்பி கிளறும் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அந்தப் புள்ள சொல்றது நெசந்தானப்பா. நீ கத்துனப்ப நான் டீக்கடையிலதான் நின்னுட்டு இருந்தேன். பஸ்ஸுல இருந்தவங்க அத்தனை பேருக்கும் கேட்டுது."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க பெரியப்பா."

"உன்ற பேச்சுதான?"

அவருக்கு முகம் கறுத்தது. கையை ஓங்கிக்கொண்டு அக்காவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். இரண்டும் காய்கிற காப்பி மேல். "ஐயோ, ஏனுங்க! செருப்போட காப்பிய மிதிக்காதீங்க!" என்று அந்தப் பெண்கள் இருவரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். உள்ளேயிருந்து தம்பி ஓடிவந்தான். அவன் காப்பிக்காகத்தான் ஓடிவந்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "மச்சான், மச்சான், மொதல்ல அங்கிருந்து எறங்குங்க!" ஓங்கிய கை அப்படியே நிற்க, அவர் ஒற்றைக் காலில் பின்வாங்க வேண்டியதாயிற்று. களத்துக்கு வெளியே வந்த பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். பெரியப்பா, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

போய்விட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் பிரச்சினை போகவில்லை. தம்பியின் மனைவி கெட்டவள் அல்ல. அதையும் எழுத வேண்டும். இரண்டு பிள்ளைகள், வயதான மாமனார், கல்யாணமாகாத நாத்தனார், இப்போது இன்னொரு நாத்தனார். "வர்றது போறதுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. இங்கயே இருக்கறதுன்னா, ஊட்டுக்காரங்க யோசிக்கோணும்" என்றாள். யோசிக்க வேண்டிய ஊட்டுக்காரன் தம்பி. அவன் யோசித்தால் சேவல் மறுபடி பிடிபடும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. சேலையை எடுத்து உடுத்திவிட்டுத் துவைத்து மறுபடி பெட்டிக்குள்தான் வைத்தாள்.

அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தச் செய்தியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். கல்யாணமான பெண்ணுக்கு இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு உண்டு. அதுவரை சட்டத்தை அக்காவுக்கு மட்டும் படித்துக் காட்டினேனே தவிர, வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

சனிக்கிழமை காலை, அப்பா சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "அப்பா, எனக்குப் பங்கு வேணுமுங்க."

அப்பா கை கழுவிய செம்போடு நின்றார். கண்கள் மெல்ல ஒளிர்ந்தன. "யாரு கண்ணு மாப்பிள்ளை? ஸ்கூல்லயே வேலை செய்யறவரா?"

"அப்பா, மாப்பிள்ளை இல்லீங்க. பங்கு."

தம்பிக்குக் கோபம் வந்தது. "சின்னக்கா, நீங்களுமா? உங்களுக்கு இங்க என்ன கொறை வெச்சோம்?"

"கொறை இல்ல. பெரியக்காவுக்கு உட்கார ஓர் எடம் வேணும். அது யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாத எடமா இருக்கோணும்."

தம்பியின் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "கல்யாணம் பண்ணாம இருந்ததுக்குக் கவர்மெண்டு பரிசு குடுக்குதாட்டம் இருக்குதுங்க."

"ஆமா. கொஞ்சம் லேட்டாத்தான் குடுத்துச்சு" என்றேன்.

நான்கு மாதம் பேச்சு நடந்தது. தம்பி இரண்டு முறை என்னோடு பேசாமல் இருந்தான். ஒருமுறை ஆறு நாள், மறுமுறை பதினோரு நாள். கடைசியில் அப்பா, தம்பி, நான் என்று மூன்று பங்காகப் பிரித்தார்கள். வீடும், வீட்டைச் சுற்றி நல்ல நிழலில் நிற்கும் காப்பியும் அவர்கள் இருவர் பங்கில் வந்தன. எனக்கு வந்தது களம், களத்தை ஒட்டிய காப்பி குடோன், அதற்குக் கீழே சரிந்து இறங்கும் ஒரு துண்டு. சரிவில் ஆள் நிற்பதே சிரமம். தம்பி ஒரு நிபந்தனை போட்டான்: அவன் காப்பியை எப்போதும் போல இந்தக் களத்தில்தான் காயவைப்பான். ஒப்புக்கொண்டேன். அவன் காப்பி காயும் மாதங்களில் நாள் முழுக்க ஆட்கள் நடமாடுவார்கள், அக்கா தனியாக இருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

குடோனைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தோம். தகரக் கூரை, இரண்டு ஜன்னல், நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறை. கதவுக்கு வெளியே பெரிய தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளிருந்து பூட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் காப்பிக்குக் கிடையாது. குடியேறும் முன் நான் முதலில் செய்த வேலை ஏற்காட்டுக் கடையில் தாழ்ப்பாள் வாங்கி வந்து உள்பக்கம் பொருத்தியதுதான். ஆசாரி ஒன்று போதும் என்றார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போடச் சொன்னேன். அக்கா இரண்டையும் திறந்து, மூடி, திறந்து பார்த்தாள்.

குடிவந்த முதல் ஞாயிறு என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "மழை இல்லை. அக்கா பகல் ஒன்றரைக்குப் படுத்தாள். ஆறு மணிக்கு எழுந்தாள். நடுவில் எழுந்திருக்கவில்லை." இது முக்கியமா என்று கேட்டால், முக்கியம். அதற்கு முன் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. தகரப் பெட்டியை எந்த நாளில் பிரித்தாள் என்பதை மட்டும் நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஒரு நாள் பார்த்தபோது அதற்குள் வெங்காயம் இருந்தது.

அவளுக்கு ஒரே மகள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறைக்கு நேராக எங்களிடம் வந்துவிட்டாள். "அப்பா ஊட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வரட்டுமா?" என்று தன் தாயிடம் கேட்டாள். "உன்ற அப்பன் ஊடு. போ. ஆனா உன்னையும் எதாச்சும் வாங்கிட்டு வான்னு அனுப்புனா, பெட்டியோட வந்துரு" என்றாள் அக்கா. மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அக்காவிடம் நான் ஒருமுறை, என் பங்கில் பாதியை அவள் பேருக்கு எழுதிவிடலாமா என்று கேட்டேன். பதறிப்போனாள். "வேண்டாஞ்சாமி. எம்பேருல ஒண்ணு இருக்குதுன்னா அவரு வந்துருவாரு. குப்பனூர்ல பாத்தியல்லோ." நான் பார்த்தேன்தான். அன்றைக்குத்தான், குடோன் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டே, பத்திர ஆபீஸில் அவள் கையில் இருந்த கட்டைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது வருடம் தாமதமாக. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னதற்கு அவர் ஸ்பானரால் அடித்ததாகச் சொன்னாள். மூன்று விரல். அதனால்தான் ரேகை. "நீ அன்னிக்குப் படிச்சுப் பாத்தப்ப, எங்கயாச்சும் தப்பு இருக்கோணும், இது ஆவாதுன்னு நீ சொல்லோணும்னு சாமியக் கும்பிட்டுட்டு இருந்தேன் கண்ணு. நீ தப்பைக் கண்டுபிடிச்சே. அவங்க திருத்திட்டாங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நான் அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டேன். அவள் எடுத்து உரித்தாள்.

அன்று இரவு பழைய நோட்டுகளை எடுத்து, ஒன்பது பக்கங்களிலும் காரணத்தை அடித்துவிட்டு, அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு நடந்ததை எழுதினேன். வேறு எந்தப் பக்கத்தையும் நான் அடித்து எழுதியதில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஐப்பசி மழையோடு அப்பா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் படுக்கை, அவ்வளவுதான். உயில் எதுவும் எழுதவில்லை. கருமாதி முடிந்த பிறகு வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அப்பாவின் பங்கு பிரிக்கப்பட்டுத் தனியாக அவருடையதாக ஆகிவிட்டது. அது மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். இதில் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேச்சே இல்லை என்றார். ஆக, அக்காவுக்குப் பங்கு வந்துவிட்டது.

அவளை மூன்று வருடம் காப்பாற்றியது அவளிடம் ஒன்றும் இல்லாததுதான். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவளும் அதையேதான் முதலில் சொன்னாள். "வந்துருவாரே." வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். தம்பியும் அதைத்தான் விரும்பினான், வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை காப்பி குடிக்கும்போது, "வாங்கிக்கறேன் கண்ணு" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் தப்பிக்க முடியும்னா, அது என்ன தப்பிக்கறது."

அவர் தை மாதம் வந்தார். மறுபடியும் காப்பி காயும் சமயம். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பெட்டி. இந்த முறை பெரியப்பாவை அழைத்து வரவில்லை. தலை நரைத்திருந்தது. களத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார், மறக்கவில்லை. நான் குடோனுக்குள் இருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"மாமனாரு பங்கு வந்துருச்சாமே."

"வந்துருச்சுங்க. ரிஜிஸ்டர் பண்ணோணும்."

"அப்ப நான் சொன்னது நெறவேறிருச்சு. கெளம்பு."

"பங்கை இங்க வுட்டுட்டா வரச் சொல்றீங்க?"

"வித்துட்டு வா. ஆளு பாத்து வெச்சிருக்கறேன்."

"விக்கறதுன்னா நான் கையெழுத்துப் போடோணுங்க. போடறதா இல்லீங்க."

பலகை காப்பியை இழுக்கும் ஓசை கேட்டது.

"ஊருக்கு முன்னால சொன்ன வாக்குடீ அது. பங்கு வாங்கிட்டு வான்னு."

"இல்லீங்க. பங்கு வாங்காம வராதேன்னீங்க. வாங்குனா வரோணும்னு சொல்லலீங்க. பெரியப்பாவைக் கேட்டுப் பாருங்க, அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."

அவர் என்னவெல்லாமோ கத்தினார். எதையும் நான் எழுதி வைக்கவில்லை. தம்பி சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நின்றான். இந்த முறை காப்பிக்கு ஆபத்தில்லை, இருந்தாலும் நின்றான். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "மச்சான், நாலு மணி பஸ்ஸை வுட்டா அப்பறம் ஆறரைக்குத்தானுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தான்.

பஸ் வளைவு தாண்டிய சத்தம் கேட்டதும் அக்கா பலகையைப் போட்டுவிட்டு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தாள். "தண்ணி குடு" என்றாள். கொடுத்தேன். பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். "அதுல என்ன ஸ்வீட்டு, பாரு" என்றாள். மைசூர்பாகு. வேலை செய்த எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

பத்திரம் மாசியில் பதிவானது. எழுதுபவர் அக்காவைப் பார்த்து, "ஊட்டுக்காரரு பேரு சொல்லுங்கம்மா" என்றார். "அப்பா பேரே போட்டுருங்க. அவரு சொத்துதான?" என்றாள். அவர் பேனாவை உதறிவிட்டு அப்படியே எழுதினார். நான் முழுப் பத்திரத்தையும் அவளுடைய வலது காதருகே படித்தேன். ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். வளைந்த நடுவிரலால் பேனா சரியாக நிற்காமல், எழுத்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கினாள்.

அவர் அதன் பிறகு வரவில்லை. கடிதம் ஒன்று வந்தது. அக்கா என்னைப் படிக்கச் சொல்லவில்லை, அடுப்பில் வைத்தாள்.

அக்காவின் துண்டு என் சரிவுக்குப் பக்கத்திலேயே அமைந்தது. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டோம். எல்லைக்கு அருகே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம், அதன் மேல் உச்சி வரை மிளகுக் கொடி. அடுத்த வருடம் நல்ல காய்ப்பு. ஒரு காலை நான் ஏணியோடு போனபோது அக்கா மரத்தடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏணிய எங்க கொண்டாரே?"

"மொளகு பறிக்க."

"இது என்ற மரம்."

"கல்லைப் பாருக்கா. நேரா அந்தக் கல்லுலிருந்து இந்தக் கல்லுக்கு…"

"கல்லு கெடக்குது! கொடி எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது பாரு. ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து எழுதறவளுக்கு மொளகைப் பத்தி என்ன தெரியும்? ஏணிய எடு. எடுங்கறேன்ல!"

அவள் குரல் மேலே சாலை வரை போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை, இன்னும் உரக்கக் கத்தினாள். கத்தும்போது முகத்துக்கு முன்னால் கையை மறைப்பாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு அடி கூடப் பின்னால் நகரவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அதற்கு மேல் வேறொன்றும் வந்தது. ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மாலையில் டேப் எடுத்துப் போய் அளந்தேன். மரம் என் பக்கத்தில் ஒன்றே முக்கால் அடி உள்ளேதான் நிற்கிறது. அவளிடம் போய்ச் சொன்னேன். டேப் தப்பு என்றாள். அந்த வருடம் மிளகை அவள்தான் பறித்தாள்.